சேணக்கடையில் செய்த துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்கக் கொள்ளையர்கள் தங்கள் துப்பாக்கிகளை எப்படியெல்லாம் மாற்றிக்கொண்டார்கள் என்று தேடித் தேடிப் படிக்கிறேன். க்ளைட் பாரோ குட்டையாக அறுத்துக்கொண்ட துப்பாக்கிகள், பேபி ஃபேஸ் நெல்சன் கையில் இருந்த லெப்மன் துப்பாக்கி எல்லாம் பார்த்து அசந்துபோனேன். பஞ்சத்தில் பிறந்ததுதானே அவர்கள் குற்றம்? அந்தக் கைத்திறனை மட்டும் தனியாக ரசிக்கலாம் இல்லையா? டில்லிஞ்சர் மரத்துப்பாக்கியைக் காட்டிச் சிறையிலிருந்து தப்பினார் என்பது உண்மையா? லெப்மன் துப்பாக்கியின் வெளித்தோற்றத்தைக் கம்ப்யூட்டரில் மாதிரியாக வரைந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள்.

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜைமேல் சித்தப்பாவின் வெர்னியர் காலிப்பர், நுணுக்கமாக அளவு பார்க்கிற கருவி, இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் சித்தி கொடுத்தனுப்பினாள். ஒரு வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் துப்பாக்கி பற்றிய கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

மரத்துப்பாக்கியை விடுங்கள். 1934 மார்ச் 3 அன்று இண்டியானாவின் க்ரௌன் பாயிண்ட் சிறையிலிருந்து டில்லிஞ்சர் ஷெரிஃபின் காரிலேயே கிளம்பிப் போனான். கையில் இருந்தது கட்டையா இரும்பா என்று இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும்.

பஞ்சம் என்கிறீர்கள். 1933-இல் அந்த நாட்டில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை, சரி. அத்தனை பேரும் துப்பாக்கியா எடுத்தார்கள்? பாரோ கும்பல் வங்கிகளைவிட அதிகமாகக் கொள்ளையடித்தது பெட்ரோல் பங்குகளையும் சின்ன மளிகைக் கடைகளையும்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே பஞ்சம்தான். 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. டெக்சாஸில் கிரேப்வைன் பக்கம் சாலையோரம் நின்ற காரைப் பார்த்து, ஏதோ உதவி வேண்டும்போல என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிய இரண்டு காவலர்களை அந்தக் கும்பல் சுட்டது. அதில் ஒருவர் மர்ஃபி. கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான். நிச்சயம் செய்திருந்த பெண் கல்யாண உடுப்பிலேயே சாவுக்கு வந்தாள். உங்கள் கடிதத்தில் எத்தனை துப்பாக்கிப் பெயர்கள், க.! செத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

க்ளைட் செய்ததைத் திறமை என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையின் ஆயுதக் கிடங்குகளில் திருடிய பிரவுனிங் ராணுவத் துப்பாக்கியின் குழாயை அறுத்தான். ஷாட்கன்னையும் அறுத்துக் கோட்டுக்குள் தொங்கவிட்டுக்கொண்டான். ‘விப்பிட்’ என்று அதற்குச் செல்லப்பெயர். ஆங்கிலத்தில் ‘விப் இட்’, சட்டென்று உருவு என்று அர்த்தம். கேட்டவுடனே புரிகிறதல்லவா? எதிரே நிற்பவனுக்குத் தெரிவதற்குள் சுட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் குட்டை. 1934 மே 23 காலை லூசியானாவில் ஆறு போலீஸ்காரர்கள் புதருக்குள்ளிருந்து சுட்டபோது அவன் காரில் மூன்று பிரவுனிங்கும் குவியல் குவியலாகத் தோட்டாவும் இருந்தன. ஒன்றைக்கூட அவனால் எடுக்க முடியவில்லை.

லெப்மன் விஷயம் அப்படி இல்லை. அவர் நிஜமாகவே தொழில் தெரிந்தவர். சான் அன்டோனியோவில் கடை. குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்தார், கூடவே துப்பாக்கி வேலையும். தோலில் ஊசி போட்டுப் பழகிய கை. கோல்ட் .38 சூப்பர் கைத்துப்பாக்கியை வாங்கி, விசையை ஒருமுறை அழுத்தினால் தோட்டா தீரும்வரை சுடுகிற மாதிரி மாற்றினார். நீங்கள் படம் வரைகிறவர், பாகம் பாகமாகப் பாருங்கள். ஓரிரு நொடியில் மேகசின், அதாவது தோட்டாக்கூடு, காலியாகும் வேகம். அந்த வேகத்தில் முனை மேலே தூக்கும், அதனால் அதை அடக்க வாய்முனையில் கம்பென்சேட்டர் என்ற பாகம். ஒரு கையால் பிடிக்க முடியாது, அதனால் அடியில் தாம்சன் துப்பாக்கியின் முன்பிடி. தோட்டா போதாது, அதனால் கைப்பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மேகசின். மான் வேட்டைக்கு இது ஆகாது. குறி பார்த்துச் சுடும் போட்டிக்கும் ஆகாது. இத்தனை நேர்த்தியாக யோசித்த மனிதர், இது எதற்கு என்று மட்டும் யோசிக்காமல் இருந்திருப்பாரா? வாங்கியவர்கள் யாரென்று தெரியாது என்றார். டெக்சாஸில் வழக்குப் போட்டார்கள், தண்டனையும் கொடுத்தார்கள், மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. கோர்ட் விட்டது. நான் விடமாட்டேன்.

1934 ஏப்ரல் 22 ராத்திரி, விஸ்கான்சினில் நெல்சன் பதுங்கியிருந்த லிட்டில் பொஹீமியா விடுதியை மத்தியப் புலனாய்வு ஏஜென்டுகள் வளைத்தார்கள். வளைத்த லட்சணம் வேறு கதை, சம்பந்தமில்லாத ஒருவரை அவர்களே சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடிய நெல்சன் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு காரை மறித்து, கிட்டத்தில் வைத்துச் சுட்டான். உள்ளே மூன்று பேர். இருவருக்குக் காயம். கார்ட்டர் பாம் என்ற ஏஜென்ட் செத்தார், வயது 29. நீங்கள் வரைகிறீர்களே, அதே லெப்மன் துப்பாக்கிதான் அது.

என் சித்தப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தார். எனக்குப் பதினான்கு வயது. பள்ளி விட்டதும் அங்கே போய் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவேன். ஒருநாள் ஒருவர் கனமான குழாய் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் அளவு எழுதியிருந்தது. பெஞ்சில் முன்பணமாக இருநூறு ரூபாய் வைத்தார். அன்றைக்கு அது பெரிய காசு.

“எதுக்குங்க இது?”

“மோட்டாருக்குத்தான்.”

சித்தப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இந்தக் காலிப்பரை எடுத்தார். குழாயின் உள்வாயில் விட்டு விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அளவைப் படித்தார். அட்டையை இன்னொரு தடவை பார்த்தார். “இந்த அளவுல எந்த மோட்டார்லயும் வேலை இல்லீங்களே” என்று குழாயைச் சாக்கிலேயே திரும்பச் சுற்றி, பணத்தையும் மேலே வைத்துக் கொடுத்துவிட்டார். வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மாதம் பட்டறை வாடகை பாக்கி. எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதாகச் சொல்லியிருந்தவர் அவர்தான். “நிஜமாவே மோட்டாருக்கா இருந்தா?” என்று கோபமாகக் கேட்டேன். “இருந்தா எந்த மோட்டார்னு சொல்லியிருப்பான்டா” என்றார். அப்புறம் நான் பதினைந்து நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. அதற்காக அவரிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம். கிரிக்கெட் பேசிவிட்டு வந்தேன்.

வீட்டில் திட்டுவதற்கு நான் என்ன சொல்ல? படம் வரைவது குற்றமில்லை. ஆனால் உங்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை இருக்கிறது, தம்பி. அதனால்தான் இவ்வளவு கடிந்து எழுதுகிறேன். டூல் ரூமில் இப்போது என்ன வேலை ஓடுகிறது, அது எதற்குப் போகிறது? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்.