கொள்ளிவாய்ப் பிசாசு துரத்துமா? காட்டுப் பேய்கள் பற்றிப் பிள்ளைகள் கேட்டவை

காட்டுப் பேய்க் கதைகளை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நடுவில் பெரியவர்கள் சிலரும் புகுந்துவிட்டார்கள்.

தாத்தா, எங்கள் ஊர்ச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கிறதாம். ஓடினால் துரத்துமா? (ஆறாம் வகுப்பு மாணவன், வேதாரண்யம்)

கொள்ளி என்றால் எரிகிற விறகு. வாய் திறந்தால் நெருப்பு, மூடினால் இருட்டு. அதனால்தான் இந்தப் பெயர். பார்த்ததாகச் சொல்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள்: ஈரத் தரையை ஒட்டி ஒரு மங்கல் வெளிச்சம், கிட்டே போனால் விலகும், நின்றால் நிற்கும். வங்கத்துச் சதுப்புகளில் இதற்கு ஆலேயா என்று பெயர். கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில் சிர் பத்தி என்கிறார்கள்.

சேற்றுக்கு அடியில் இலைதழை காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். 1776இல் வோல்டா என்ற இத்தாலிய அறிஞர், மஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. சதுப்பில் அதைப் பற்ற வைப்பது எது என்பதில் அறிவியலாளர்கள் இன்றும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

அது உன்னைத் துரத்தாது, தம்பி. நீதான் அதைத் துரத்திக்கொண்டு போவாய். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்தபடியே நடந்தால் கால் சேற்றில் இறங்கிவிடும். ஆலேயாவைப் பின்தொடர்ந்த மீனவர்கள் வழி தவறி மூழ்கியதாகத்தான் வங்கத்துக் கதைகளும் சொல்கின்றன. இரவில் பெரியவர் துணையும் டார்ச்சும் இல்லாமல் வெளியே போகாதே. கட்டுவிரியன் இரை தேடுகிற நேரம் அது.

வேலிப் புதரில் இரண்டு நெருப்புக் கண்களைப் பார்த்தேன். உடம்பே இல்லை. அது என்ன? (ஏழாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, கண்ணு. நீ பார்த்தது தேவாங்காக இருக்கலாம். அய்யலூர்ப் பக்கம் ஒரு முள்வேலியில் நானும் அதே போன்ற கண்களைப் பார்த்தேன். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். முதலில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு குச்சி போன்ற ஒரு கை, கிழவரின் கையைப் போல மெல்ல நீண்டு கிளையைப் பற்றியது. பிறகு இன்னொரு கை. ஒரு பூச்சியை முகர்ந்து பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்தது. உள்ளங்கையில் அடங்கிவிடுமளவுக்குச் சின்ன உடம்பு.

அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் கண் எரிவது போலத் தெரிகிறது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலம் கடவூர் தேவாங்கு சரணாலயம் ஆனது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. மாந்திரீகத்துக்காக இதைப் பிடித்து விற்கும் கொடுமை நடக்கிறது. யாராவது பிடித்து வைத்திருந்தால் வனத்துறையிடம் சொல்லச் சொல்லி வீட்டில் கேள்.

பேய்க்குக் கால் உண்டா, இல்லையா? (ஐந்தாம் வகுப்பு மாணவன், மதுரை)

12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப் பரணியில் வரும் பேய்களுக்கு நன்றாகவே உண்டு. கரிய பனங்காடு முழுவதற்கும் காலும் கையும் முளைத்தது போல இருக்கும் என்கிறார் செயங்கொண்டார். ஓயாத பசி அவற்றுக்கு. போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும். கால் இல்லாத பேய் வேறு கதைகளில் வருவது.

புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்குமா? (எட்டாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்)

அமுக்குவான் பேய்க்கும் மரத்துக்கும் தொடர்பில்லை. கனவு காணும் உறக்கத்தில் நம் தசைகள் தளர்ந்து கிடக்கும். சில நேரம் மூளை முந்திக்கொண்டு விழித்துவிடும், உடம்பு விழிக்காது. அப்போது அசைய முடியாது, நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஜப்பானில் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள். அங்கே ஏது புளியமரம்?

ஐயா, புளியமரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதுதான் மூச்சை அடைக்கிறது. வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லித் தருகிறேன். (அறிவியல் ஆசிரியர்)

வணக்கத்துக்குரிய ஆசிரியரே, இது தவறு. எல்லா மரங்களும் இரவில் கரியமில வாயுவை விடுகின்றன. திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். மூடிய அறையில் நான்கு பேர் படுத்துக் காலையில் நலமாக எழுந்திருக்கிறார்களே!

குழந்தையின் பயம் போக ஏதோ ஒரு அறிவியல் காரணம் சொன்னால் போதாதா? (அதே ஆசிரியர்)

போதாது, ஐயா. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மரம்தான் காரணம் என்று நம்பிய பிள்ளை, பிற்காலத்தில் மூன்றாவது மாடி அறையில் அதே அமுக்கலில் விழித்தெழும். சுற்றிலும் ஒரு மரமும் இருக்காது. அன்றைக்கு வரும் பயத்துக்கு யார் மருந்து கொடுப்பது? புளியமரத்துக்கு ஏன் பேய்ப் பெயர் வந்தது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஆளில்லாச் சாலையோரம், அடர்ந்த நிழல், முதிர்ந்த மரத்தில் பொந்து. பொந்தில் கூகை இருக்கும். வெள்ளை முகத்தோடு சத்தமில்லாமல் பறந்து வந்து தலைக்கு மேல் கிறீச்சிட்டால் யாருக்கும் குலை நடுங்கும். அந்தக் கூகைதான் வயல் எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது.

ஆசிரியர் சொல்வதே சரி. அதனால்தான் படுக்கையறையில் செடி வைக்கக் கூடாது. (ஒரு தந்தை)

வைக்கலாம். மேலே எழுதியதைப் படியுங்கள்.

புளியமரத்தை வெட்டிவிட்டால் பேய் போகுமா?

கூகைதான் போகும். புளியமரக் கேள்வி இத்துடன் போதும்.

மோகினிக்குக் கால் உண்டா?

மதுரைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பார்.

காட்டேரி ரத்தம் குடிக்குமா? (ஆறாம் வகுப்பு மாணவன், சேலம்)

கதையில் குடிக்கும். ஆனால் பல குடும்பங்களுக்குக் காட்டேரி காவல் தெய்வம். கடல் கடந்து போன தமிழர்களின் வழிவந்தோர் கயானாவில் இன்றும் வணங்குகிறார்கள். உன் பாட்டியிடம் கேள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இரவில் நண்பர்களோடு சுடுகாட்டுக்குப் போய்ச் சோதிக்கலாமா?

கூடாது. கட்டுவிரியன் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

பகலில் வரும் பேய் ஏதாவது உண்டா? (ஐந்தாம் வகுப்பு மாணவி, ராமநாதபுரம்)

நல்ல கேள்வி, அம்மா. கானல் நீருக்குத் தமிழில் பேய்த்தேர் என்று இன்னொரு பெயர் இருக்கிறது. பாலை நிலத்தில் தாகத்தோடு நடப்பவர் முன்னால் தண்ணீர் போல மின்னி, அவர் நடக்க நடக்க நகர்ந்துகொண்டே போகிற தேர். சூடான தரையை ஒட்டிய காற்றில் ஒளி வளைவதால் வானத்தின் பிம்பம் தரையில் தெரிகிறது. மே மாத மதியம், பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து நேராக முன்னால் சாலையைப் பார். உனக்கு முன்னால் அது ஓடிக்கொண்டிருக்கும்.