‘சைபர் வழக்கறிஞர்’ என்று தனி உரிமம் கிடையாது

பகுதிநேர வேலை என்று நம்பி இணையத்தில் ரூ.1.8 லட்சம் இழந்தேன். மீட்கும் பணத்தில் 20 சதவீதம் தந்தால் போதும் என்கிறார் ஒரு வழக்கறிஞர்.
– வாசகி, பெரம்பூர்

வேண்டாம் அம்மா. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போன கணக்கை முடக்க அதுதான் வழி. அதற்கு வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பிறகு வழக்கு என்று வந்தால், பெண் என்பதாலேயே இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு, வருமானம் தடையில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். கூச்சப்பட வேண்டியவன் உங்களை ஏமாற்றியவன்தான்.

போனில் வைரஸ் இருக்குமோ என்று பயம். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?
– வேளச்சேரி

கூடாது. அதுதான் உங்கள் சாட்சி.

என் கடையின் மின்னஞ்சலுக்குள் புகுந்து வாடிக்கையாளர் விவரங்களைத் திருடிவிட்டார்கள். இணைய விளம்பரம் பார்த்து, ‘நம்பர் 1 சைபர் வழக்கறிஞர்’ ஒருவருக்கு முன்பணம் அனுப்பினேன். இப்போது போனையே எடுப்பதில்லை.
– அண்ணா நகர்

கடைக்குச் சரக்கு வாங்கும்போது இப்படியா வாங்குவீர்கள்? வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவே கூடாது. இணையதளங்கள் வழியே விளம்பரம் தேடுவோர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். அடுத்து, உங்கள் வழக்கை எங்கே போடுவார் என்று கேளுங்கள். இப்படித் தரவு திருடு போனால், 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம்தான் கொண்டுபோக வேண்டும். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் அந்த அதிகாரி. “சிவில் கோர்ட்டில் போட்டுவிடலாம்” என்பவருக்கு இந்தத் துறை பழக்கமில்லை. மின்னணுச் சாட்சியத்துக்கு, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் சான்றிதழ் வேண்டும்; புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். “ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்துத் தாருங்கள், போதும்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா? தியாகராய நகரில் நான் வாங்கிய மிக்ஸி சில மாதங்களில் புகைந்தது; ரசீதை நீட்டிய பிறகுதான் கடைக்காரர் வாயடைத்து மாற்றித் தந்தார். வழக்கறிஞர் விஷயத்தில் ரசீது இன்னும் அவசியம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அவரை இழுக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் அந்தக் கதவை மூடிவிட்டது. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இணையுங்கள்.

வக்காலத்தோடு நான்கு வெற்றுத் தாள்களிலும் வழக்கறிஞர் கையெழுத்து வாங்கினார். இது வழக்கம்தானே?
– தாம்பரம்

வக்காலத்தில் மட்டும் போட்டிருக்க வேண்டும். அந்த நான்கு தாள்களையும் இன்றே திரும்ப வாங்குங்கள்.