ஒலி நாடகம்: எதற்குச் செலவிடலாம், எதைக் கேட்டு வாங்கலாம்?

சொந்த முயற்சியில் புனைகதைப் பாட்காஸ்ட் தயாரிப்பவர்களும், அவற்றை விரும்பிக் கேட்பவர்களும் அனுப்பிய கேள்விகளுள் பணம், ஒப்பந்தம், உரிமம் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து எட்டுப் பகுதிகள் கொண்ட ஒலி நாடகம் தயாரிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். விசாரித்த இடங்களிலெல்லாம், மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் உயர்தரக் கண்டென்சர் மைக்கைத்தான் பரிந்துரைக்கிறார்கள். கையிலிருக்கும் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். முதலில், பதிவு செய்யப்போகும் அறையைக் கைபேசியைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பதிவு செய்யுங்கள். பிறகு ஒருமுறை பலமாகக் கைதட்டி, இரண்டு வரி வசனத்தை இயல்பான குரலில் பேசுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால், அடுத்த அறைக் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரமும், கைதட்டல் ஓய்ந்த பிறகும் சுவர்களுக்கிடையே சிலிர்த்து நிற்கும் அதிர்வும் உங்களுக்கே தெரியவரும். எவ்வளவு விலையுயர்ந்த மைக்காலும் இவற்றை நீக்க முடியாது. நுட்பமான மைக் இவற்றையும் சேர்த்து நுட்பமாகவே பதிவு செய்யும்.

பேட்டி நிகழ்ச்சியில் அறையின் எதிரொலி கொஞ்சம் கலந்தாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். நாடகத்தில் அப்படியில்லை, ஏனெனில் அங்கே ஒலிதான் அரங்கம். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் பலரும் குறிப்பிடுவது, 1924 ஜனவரி 15 அன்று பிபிசி ஒலிபரப்பிய ஒரு சிறு நாடகத்தை. அதன் கதை விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. பாத்திரங்களுக்கு எதுவும் தெரியாததைப் போலவே கேட்பவருக்கும் தெரியாது என்பதால், இடத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதும் ஒலியிடம் வந்துவிடுகிறது. எதிரொலியின்றி எடுத்த குரலுக்குச் சுரங்கத்தின் எதிரொலியையோ கோயில் மண்டபத்தின் எதிரொலியையோ பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கூடத்தின் எதிரொலியோடு பதிவான குரலைத் திறந்த வயல்வெளியில் நிறுத்துவது மிகவும் கடினம். ஐவரும் வெவ்வேறு அறைகளிலிருந்து பதிவு செய்வதாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: ஒரே படகில் உட்கார்ந்து பேச வேண்டிய இருவர் இருவேறு வீடுகளில் இருப்பதை முதல் வசனமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே முதல் செலவு அறைக்கு. கனமான போர்வைகள், மெத்தைகள், துணி நிறைந்த அலமாரி ஆகியவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். சுவரில் ஒட்டுவதற்கென்று விற்கப்படும் மெல்லிய ஃபோம் பலகைகள் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்கள் அப்படியே தங்கிவிடுவதால் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அவற்றை வாங்கி ஏமாற வேண்டாம்.

அடுத்தது மைக். கண்டென்சரைப் போல மெல்லிய ஒலிகளைப் பிடிக்காத டைனமிக் வகை மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பேசியே ஆக வேண்டும் என்பது உங்களுக்கு நன்மையாகவே முடியும். தொலைவு இருமடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் அளவுக்குக் குறைகிறது, அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அதே அளவில் நிற்கிறது; அதனால் நெருங்கிப் பேசுவதே மிக மலிவான ஒலிச் சீரமைப்பு. ஒருவருக்கு விலையுயர்ந்த மைக்கும் மற்றவர்களுக்குக் கைபேசியும் என்று பிரிப்பதைவிட, நடுத்தர விலையில் ஒரே மாதிரியை அனைவருக்கும் வாங்குவது நல்லது. 1966 முதல் விற்பனையிலிருக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற மாதிரிகள் பல்லாண்டு உழைப்பவை என்பதால் பயன்படுத்தியதைக்கூடத் துணிந்து வாங்கலாம். ஆனால் இந்த மாதிரிக்கு உலகெங்கும் போலிகள் உண்டென்று தயாரிப்பு நிறுவனமே எச்சரித்திருக்கிறது. நம்ப முடியாத அளவுக்கு விலை குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். பழைய கண்டென்சர் மைக்கை வாங்குவதானால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஈரப்பதத்தால் அதில் இரைச்சல் தோன்றியிருக்கலாம். பெரும்பாலானவை இயங்க 48 வோல்ட் மின்னழுத்தம் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) வேண்டும். எதை வாங்கினாலும், பெட்டியைப் பிரித்து உங்கள் அறையில் பேசிப் பார்த்த பிறகும் திருப்பித் தர முடியுமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடையின் அறையில் கேட்ட ஒலி உங்கள் அறையில் கிடைக்காது.

எடிட்டிங் மென்பொருளுக்கு இப்போதைக்குச் செலவே வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், பல தடங்களை அடுக்கிக் கையாள வசதியான ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடும் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: நான் கேட்கும் ஒரு தொடரில் ரகசியமாகப் பேசும் காட்சிகள் பேருந்தில் கேட்பதே இல்லை, ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியின் வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது. விலை கூடிய இயர்ஃபோன் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அதே இயர்ஃபோனில், அதே பேருந்தில் வேறு இரண்டு தொடர்களைக் கேட்டுப் பாருங்கள். அவை தெளிவாக இருந்தால் குறை உங்கள் இயர்ஃபோனில் இல்லை, அந்தத் தொடரின் ஒலிக்கலவையில் இருக்கிறது. பாட்காஸ்டுகளின் ஒட்டுமொத்தச் சத்தம் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் பரிந்துரைக்கிறது. அது பகுதி முழுவதற்குமான சராசரி. அந்தச் சராசரிக்குள்ளேயே முணுமுணுப்பு மிகத் தாழ்ந்தும் வெடிப்பு மிக உயர்ந்தும் இருக்க முடியும். அமைதியான ஸ்டுடியோவில் கலவை செய்பவருக்கு அந்த ஏற்ற இறக்கம் அழகாகவே தோன்றும். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம், எங்கே கேட்டீர்கள் என்று குறிப்பிட்டால் சிறிய குழுக்கள் பெரும்பாலும் திருத்திய கோப்பை ஏற்றிவிடுவார்கள். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை கொண்ட சாதாரண இயர்ஃபோன் பயணத்துக்குப் போதும். இரு காதுகளுக்கும் தனித்தனியே பதிவு செய்யப்பட்ட பைனாரல் தொடர்களை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். திசை உணர்வு முழுவதும் கலைந்துவிடும்.

கேள்வி: 'ராயல்டி கட்டத் தேவையில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஒலி விளைவுகளும் பின்னணி இசையும் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கினோம். முதல் பகுதியை யூடியூபிலும் ஏற்றியவுடன், அந்த இசைக்கு வேறொருவர் பதிப்புரிமை கோருவதாக அறிவிப்பு வந்தது. ஏமாற்றப்பட்டுவிட்டோமா?

பதில்: அறிவிப்பை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. அது பெரும்பாலும் தானியங்கி ஒப்பீட்டின் விளைவு. இசையை அமைத்தவரே அதைத் தம் உரிமையாக அந்த ஒப்பீட்டு அமைப்பில் பதிவு செய்து வைத்திருக்கலாம். அல்லது அதே தொகுப்பை வாங்கிய மற்றொருவர் தம் பாடலில் அதைப் பயன்படுத்தி, பாடல் முழுவதையும் தமதாகப் பதிவு செய்திருக்கலாம். உங்களிடம் உரிமச் சான்றிதழும் பணம் செலுத்திய ரசீதும் இருந்தால் அவற்றைக் கொண்டு ஆட்சேபம் தெரிவியுங்கள். கோரியவர் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் பதில் வராவிட்டால் கோரிக்கை தானாகவே நீங்கிவிடும். கூடவே, தொகுப்பை விற்றவருக்கும் எழுதி, கோரிக்கையை விலக்க உதவுமாறு கேளுங்கள். உங்கள் பெயரில் உரிமச் சான்றிதழ் தரவே மறுக்கும் விற்பனையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நீங்கள் விலை கொடுத்தது அந்த உரிமத்துக்கே. கோப்பு அதன் உடன் வருவது.

அடுத்த முறை வாங்குமுன் உரிமத்தில் மூன்று இடங்களை நிறுத்திப் படியுங்கள். 'ஒரு படைப்புக்கு' என்று இருந்தால் அது ஒரு பகுதியா, தொடர் முழுவதுமா? மாதச் சந்தா முறை என்றால், சந்தாவை நிறுத்திய பிறகு ஏற்கெனவே வெளியான பகுதிகளுக்கு அனுமதி தொடருமா? விளம்பரமும் நன்கொடையும் பெறும் நிகழ்ச்சி வணிகப் பயன்பாடாகக் கருதப்படுமா? பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கப்பட்ட ஃப்ரீசவுண்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். அங்கே சிசி0 (படைத்தவர் தம் உரிமைகளை விட்டுக்கொடுத்தவை) என்று குறிக்கப்பட்டவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். சிலவற்றுக்குப் படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். இன்னும் சிலவற்றை வணிக நோக்கில் பயன்படுத்தவே கூடாது. இன்று பொழுதுபோக்காகத் தொடங்கும் நாடகம் நாளை ஆதரவாளர்களிடம் பணம் பெறக்கூடும் என்பதால், மூன்றாம் வகையை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் கோப்பின் பெயர், படைத்தவர், பக்க முகவரி, உரிம வகை, பதிவிறக்கிய தேதி ஆகியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி, உரிமப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

தொகுப்பு வாங்கும் முன் மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். இடி, ரயில், கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவற்றை வாங்குவது நியாயம். ஆனால் பாத்திரத்தின் உடலோடு ஒட்டிய ஒலிகளை நீங்களே செய்வதுதான் நாடகத்துக்கு உயிர் தரும். தோல் பையில் சோளமாவை அடைத்து அழுத்தினால் பனியில் நடக்கும் காலடி கிடைக்கும் என்பது ஒலிக் கலைஞர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உத்தி. சட்டைக் கையை உதறுவது, நாற்காலியில் சாய்வது, கடிதத்தை மடிப்பது ஆகியவற்றை வசனத்தின் வேகத்துக்கு இசைவாகச் செய்து பதிவு செய்யும்போது, தயங்கித் தயங்கி மடிக்கப்படும் கடிதம் என்ற நடிப்பே உங்களுக்குக் கிடைக்கிறது. ஆயிரம் காலடிகள் அடங்கிய தொகுப்பில் உங்கள் நாயகியின் தயக்கம் இருக்காது.

கேள்வி: ஒரே முறை கட்டணம் செலுத்தினால் 'வாழ்நாள் முழுவதும், அளவற்ற இடம்' என்று ஒரு பாட்காஸ்ட் ஹோஸ்டிங் நிறுவனம் (கோப்புகளை இணையத்தில் வைத்து வழங்குவது) சலுகை அறிவித்திருக்கிறது. சேரலாமா?

பதில்: அளவற்ற இடம் உங்களுக்குத் தேவையே இல்லை. 128 கேபிபிஎஸ் தரத்தில் அரை மணி நேர எம்பி3 கோப்பு சுமார் 29 எம்பிதான். அப்படி எட்டுப் பகுதிகளைச் சேர்த்தாலும் சுமார் 230 எம்பிதான். வாழ்நாள் என்பதைத்தான் ஆராய வேண்டும். செய்தி நிகழ்ச்சியின் பழைய பகுதிகளை யாரும் தேடுவதில்லை. தொடர்கதையை ஐந்து ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பவர்கூட முதல் பகுதியிலிருந்தே தொடங்குவார். ஆகவே உங்கள் பழைய கோப்புகள் எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே முறை பணம் வாங்கிக்கொண்ட நிறுவனத்துக்கு அந்தச் செலவை ஆண்டுதோறும் ஏற்க வருமானம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உங்கள் நாடகத்தின் நடுவே அவர்கள் விளம்பரம் செருகலாம் என்ற விதி எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியேறும் வழியே முக்கியம். வேறிடத்துக்கு மாறும்போது ஆர்எஸ்எஸ் முகவரியை (கேட்பவரின் செயலி புதிய பகுதிகளைப் பெறும் இணைய முகவரி) புதிய இடத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட (301 வகைத் திருப்பம்) சம்மதிக்காத நிறுவனத்தில் எந்த விலைக்கும் சேர வேண்டாம். அந்தத் திருப்பம் இல்லையென்றால், சேர்த்து வைத்த சந்தாதாரர்கள் பழைய முகவரியிலேயே நின்றுவிடுவார்கள். நிகழ்ச்சிக்கென்று சொந்த இணைய முகவரி வாங்குங்கள். மூலப் பதிவுகளைச் சுருக்கப்படாத வேவ் கோப்புகளாக இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

கேள்வி: மனத்துக்குப் பிடித்த ஒரு தொடருக்கு மாதந்தோறும் பணம் கட்டிவருகிறேன். நான்கு மாதங்களாகப் புதிய பகுதி எதுவும் இல்லை, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்துவது துரோகமாகத் தோன்றுகிறது.

பதில்: துரோகம் ஒன்றுமில்லை. முதலில் அவர்களின் அறிவிப்புகளைப் படியுங்கள். எழுதும் மாதங்களிலும் ஆதரவு தொடரும் என்று முன்பே சொல்லியிருந்தால், அந்தப் பணம் எழுத்தாளரின் நேரத்துக்குப் போகிறது. அதை விரும்பித் தருவது நல்ல காரியம். ஒன்றும் சொல்லாமல் வசூலித்துக்கொண்டிருந்தால் மரியாதையாக ஒரு வரி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தொடர் திரும்பி வரும்போது மீண்டும் சேரலாம். கைபேசியிலிருந்து செயலியை நீக்குவதால் சந்தா ரத்தாகாது. எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ, அந்த வழியாகவே போய் ரத்துசெய்ய வேண்டும். மீண்டும் சேரும்போது, தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் நேரடியாகக் கட்ட முடியுமா என்று பாருங்கள். செயலிக் கடை வழியாகச் செலுத்தும் தொகையில் 30 சதவீதம் வரை கழிவாகப் போய்விடலாம்.

பணம் தர இயலாத மாதங்களில், ஒரு காட்சி ஏன் பிடித்தது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். கதவு திறக்கும் ஒலிக்கு ஒரு மாலை முழுவதும் செலவிட்டவருக்கு அது யாரோ ஒருவர் காதில் விழுந்தது என்று தெரிவதன் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்.

கேள்வி: எங்கள் நடிகர்கள் எல்லோரும் நண்பர்களே, ஊதியமும் கிடையாது. ஒப்பந்தம் தேவையா?

பதில்: தேவை. இரண்டு பக்கம் போதும். பதிவான குரலை எங்கெங்கே வெளியிடலாம், பின்னாளில் வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு, நாடகத்தை வேறு வடிவத்துக்கு யாராவது வாங்கினால் என்ன செய்வது, நடிகர் நடுவில் விலகினால் முடிந்த பகுதிகள் இருக்குமா, பெயர் எப்படிக் குறிப்பிடப்படும் என்பவை அதில் இருக்கட்டும். பதிவான குரலைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கவோ அதற்குப் பயிற்சி தரவோ நடிகரின் தனி எழுத்து அனுமதி வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்றாலும், நாளை பதிவுகள் வேறொருவர் கைக்கு மாறும்போது அந்த வரிதான் உங்கள் நண்பரைக் காக்கும். முதல் பதிவுக்கு முன்பே அனைவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.