பிஎல்சி கம்யூனிகேஷன் மாட்யூல்: கேளுங்க, சொல்றேன்

சீமென்ஸ் எஸ்7-1200, எஸ்7-300 பிஎல்சிகளில் (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) மாட்பஸ், ப்ராஃபிபஸ், ப்ராஃபிநெட் என்ற கம்யூனிகேஷன் முறைகளுக்கான மாட்யூல் பூட்டி ஓட்டுவதைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஸ்காடா லைசென்ஸ், சம்பளம், எந்த கோர்ஸ் சேரலாம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்கும் முன் கனெக்டரில் உள்ள டெர்மினேஷன் ஸ்விட்சை (லைனின் முனையில் ரெசிஸ்டரைச் சேர்ப்பது) ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். பாதிப் பேருக்கு அதற்கப்புறம் கேள்வியே இருக்காது.

கேள்வி (மில் மெயின்டனன்ஸ்): சார், எஸ்7-1200ல் சிஎம் 1241 ஆர்எஸ்485 மாட்யூல் போட்டு எட்டு எனர்ஜி மீட்டர் படிக்கணும். லேப்டாப்பில் யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டால் எல்லா மீட்டரும் படிக்குது. பிஎல்சியில் 80சி8 எரர் மட்டும்தான் வருது. மாட்யூல் போயிடுச்சா?

பதில்: மாட்யூல் போகவில்லை. 80சி8 என்றால் குறித்த நேரத்துக்குள் ஸ்லேவ் (கேட்டால் பதில் சொல்லும் சாதனம், இங்கே மீட்டர்; கேட்கும் பிஎல்சி மாஸ்டர்) பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் படிக்கிறது என்பதால் மீட்டரின் அட்ரஸ், பாட் ரேட், பேரிட்டி எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதே செட்டிங்கைத்தான் பிஎல்சியிலும் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, நிறைய பேர் விழும் குழி. போர்ட்டை செட் செய்யும் மாட்பஸ் காம் லோட் பிளாக்கின் இன்ஸ்டன்ஸ் டேட்டா பிளாக்கைத் திறந்தால் உள்ளே மோட் என்று ஒரு வேரியபிள் இருக்கும். பிளாக்கின் இன்புட், அவுட்புட் கால்களில் அது தெரியாது. அதன் டிஃபால்ட் மதிப்பு 0, அதாவது ஆர்எஸ்232 மாதிரி ஃபுல் டூப்ளெக்ஸ். இரண்டு வயர் ஆர்எஸ்485க்கு அது 4 ஆக இருக்க வேண்டும். ஸ்டார்ட் வேல்யூவிலேயே 4 போட்டு டவுன்லோட் செய்யுங்கள். காம் லோடை முதல் ஸ்கேனில் (புரோகிராமின் முதல் சுற்றில்) ஒரு முறை ஓட்டினால் போதும்.

மூன்றாவது, வயர். சீமென்ஸ் கணக்கில் பி தான் பிளஸ், 9 பின் கனெக்டரில் 3ஆம் பின். ஏ மைனஸ், 8ஆம் பின். பல மீட்டர்களில் ஏ பிளஸ், பி மைனஸ் என்று தலைகீழாக அச்சிட்டிருக்கும். எழுத்தை நம்பாமல் பிளஸ்ஸை பிளஸ்ஸோடு சேருங்கள்.

கடைசியாக, எட்டு மீட்டருக்கு எட்டு மாஸ்டர் பிளாக் போட்டு ஒரே கிளாக் பிட்டில் தட்டிவிட்டிருந்தால் வேலைக்கு ஆகாது. லைனில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் போக முடியும். ஒரு ஸ்டெப் கவுன்ட்டர் வையுங்கள். பிளாக்கிலிருந்து டன் (முடிந்தது) அல்லது எரர் பிட் வந்ததும் அடுத்த மீட்டருக்குப் போக வேண்டும். அந்த இரண்டு பிட்டும் ஒரே ஒரு ஸ்கேன்தான் உயிரோடு இருக்கும், ஸ்டேட்டஸை அப்போதே வேறு இடத்தில் மூவ் செய்துவிடுங்கள்.

கேள்வி (அதே நபர்): மோட் 4 போட்டேன், ஏழு மீட்டர் ஓடுது சார்! ஆனா வோல்டேஜ் 230க்குப் பதிலா ஏதோ கோடிக்கணக்கில் காட்டுது.

பதில்: ரியல் நம்பர் இரண்டு ரெஜிஸ்டரில் வருகிறது. உங்கள் மீட்டர் கீழ் வேர்டை முதலில் அனுப்புகிறது. இரண்டு வேர்டையும் இடம் மாற்றிச் சேருங்கள். மேனுவலில் ரெஜிஸ்டர் 100 என்று பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியிருந்தால் பிஎல்சியில் 40101 என்று கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். எட்டாவது மீட்டரின் அட்ரஸ் வேறொரு மீட்டரோடு மோதுகிறதா பாருங்கள்.

கேள்வி: அண்ணா, சிஎம் மாட்யூல் சிபியுவின் வலது பக்கம் மாட்டவே மாட்டேங்குது.

பதில்: இடது பக்கம் மாட்டுங்க தம்பி. மூன்று வரை போடலாம். வலது பக்கம் ஐஓ மாட்யூலுக்கு.

கேள்வி (பேப்பர் மில்): எஸ்7-300, ப்ராஃபிபஸ், 14 டிரைவ். ஒன்பதாவது டிரைவுக்கு அப்புறம் எதுவும் வரலை. சிபியுவில் பிஎஃப் (பஸ் ஃபால்ட்) லைட் சிமிட்டுது. கேபிளைக் கூட மாத்திட்டோம்.

பதில்: எட்டாவது அல்லது ஒன்பதாவது கனெக்டரில் டெர்மினேஷன் ஸ்விட்ச் ஆனில் இருக்கும். கேபிளை மாற்றும் முன் அதைப் பார்த்திருக்கலாம்.

அந்தக் கனெக்டரில் கேபிள் நுழைய இரண்டு வாசல், அம்புக்குறியோடு, உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று. ஸ்விட்சை ஆன் செய்தால் ரெசிஸ்டர் சேருவதோடு வெளியே போகும் கேபிள் உள்ளேயே துண்டிக்கப்படும். அதனால் ஆன் என்பது இரண்டு கடைசி முனைகளில் மட்டும். அந்த முனைகளில் கேபிள் வரும் வாசலில்தான் நுழைந்திருக்க வேண்டும். மாற்றிச் செருகிவிட்டு ஆன் செய்தால் அந்த ஸ்டேஷனே தனியாகிவிடும்.

மல்ட்டிமீட்டரில் பார்ப்பது இப்படி. பவர் ஆஃப், எல்லாக் கனெக்டரையும் சாதனங்களிலிருந்து கழற்றிவிடுங்கள். ஏ-பி இடையே ஒரு டெர்மினேஷன் என்றால் 220 ஓம், இரண்டு என்றால் 110. மாஸ்டர் பக்கம் 110 வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். நடுவில் ஒரு ஸ்விட்ச் ஆனில் இருந்தாலும் அங்கே 110தான் காட்டும். கடைசி முனையிலிருந்தும் அளந்து பாருங்கள். அங்கே 220 வந்தால் திருடன் நடுவில் இருக்கிறான்.

இன்னொன்று, டெர்மினேஷனுக்கு 5 வோல்ட் வேண்டும், அது சாதனத்தின் 6ஆம் பின்னிலிருந்து வருகிறது. கடைசி டிரைவை பராமரிப்புக்காக ஆஃப் செய்தால் டெர்மினேஷனும் செத்துவிடும். அப்போது நடுவில் உள்ளவை எல்லாம் விட்டு விட்டு விழும். கடைசியில் தனி சப்ளையோடு ஆக்டிவ் டெர்மினேட்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (பம்ப் ஹவுஸ்): ப்ராஃபிபஸ் லைன் 180 மீட்டர், 12 எம்பிபிஎஸ். அடிக்கடி ஸ்லேவ் விழுது.

பதில்: 12 எம்பிபிஎஸ்ஸுக்கு ஒரு செக்மென்ட் 100 மீட்டர்தான். 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு 200, 187.5 கேபிபிஎஸ்ஸுக்கு 1000. உங்கள் பம்ப் ஹவுசுக்கு எதற்கு 12? குறையுங்கள். ஸ்விட்சையும் பாருங்கள்.

கேள்வி: பிஎஃப் சிவப்பா நிக்குது, என்ன செய்ய?

பதில்: சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் பஸ்ஸிலேயே கோளாறு. ஏதாவது கனெக்டருக்குள் ஷீல்டின் (வயர்களைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல்) நூல் ஒன்று ஏ அல்லது பி மீது படுகிறதா பாருங்கள்.

கேள்வி: ப்ராஃபிபஸ் ஷீல்டை ஒரு பக்கம் எர்த் செய்யணுமா, இரண்டு பக்கமுமா?

பதில்: இரண்டு பக்கமும்.

மறுப்பு (இன்ஸ்ட்ருமென்டேஷன் சீனியர்): தவறாகச் சொல்கிறீர்கள். ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் கட்டினால் கிரவுண்ட் லூப். சர்வீஸ் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறோம்.

பதில்: சார், 4-20 மில்லிஆம்ப் அனலாக் சிக்னலுக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே எதிரி 50 ஹெர்ட்ஸ். இங்கே எதிரி விஎஃப்டியிலிருந்து (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வரும் ஹை ஃப்ரீக்வன்சி நாய்ஸ். அதற்கு ஒரு பக்கம் மட்டும் கட்டிய ஷீல்டின் மறுமுனை ஆன்டெனாதான். இரண்டு பக்கமும் கட்டினால்தான் அந்த நாய்ஸ் பூமிக்குப் போகும்.

மறுப்பு: எர்த் வித்தியாசம் இருக்கும் இடத்தில் ஷீல்டில் கரன்ட் ஓடுமே? எங்கள் பிளான்டில் அப்படி ஓடி போர்ட்டே எரிந்தது.

பதில்: ஓடும். ஆனால் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ஷீல்டு இல்லை, பிளான்டின் எர்த்திங். ஷீல்டைக் கழற்றிவிட்டால் வித்தியாசம் போய்விடாது, தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆர்எஸ்485 ரிசீவர் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் காமன் மோட் தாங்கும். தனிமைப்படுத்தாத போர்ட் அதற்கு மேல் போனால் ஷீல்டு எப்படி இருந்தாலும் எரியும். இரண்டு பேனலுக்கும் நடுவே கேபிளை ஒட்டியே 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒன்றை (ஈக்விபொட்டென்ஷியல் கேபிள்) ஓட்டி எர்த் பார்களைச் சேருங்கள். கரன்ட் அதன் வழியாகப் போகும்.

இடையில் இன்னொருவர் (டிரைவ் சர்வீஸ்): ரெண்டு பேருக்கும் பொதுவா, ஒரு பக்கம் நேரா, இன்னொரு பக்கம் கெப்பாசிட்டர் வழியா கட்டலாமே?

பதில்: கட்டலாம். ஈக்விபொட்டென்ஷியல் கேபிள் ஓட்டவே வழியில்லாத இடத்தில் அது நியாயமான வழி. கட்டடத்துக்குக் கட்டடம் என்றால் அதுவும் வேண்டாம், ஃபைபர் போட்டுவிடுங்கள்.

சீனியர் சாருக்கு ஒரு வேண்டுகோள். மறுமுனையைக் கட்டும் முன் ஷீல்டுக்கும் பேனல் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்டைக் கூப்பிடுங்கள், அதுவரை கட்ட வேண்டாம். மில்லிவோல்ட் என்றால் தைரியமாகக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் கட்டினேன் என்பவர்களில் பலர் ஷீல்டை முறுக்கி, வால் மாதிரி நீட்டி, லக் அடித்து போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். ஹை ஃப்ரீக்வன்சிக்கு அந்த வாலால் பயனில்லை. மேல் உறையை வட்டமாகச் சீவி, ஷீல்டு முழுதும் படும்படி கிளாம்பில் பிடிக்க வேண்டும்.

மறுப்பு: வால் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மற்றதை அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

பதில்: அளந்துவிட்டு வாருங்கள் சார்.

கேள்வி: ப்ராஃபிநெட் டிரைவுக்கு ஐபி கொடுத்தாச்சு, பிங் போகுது, ஆனாலும் பிஎல்சி எடுக்கலை.

பதில்: கன்ட்ரோலர் தேடுவது டிவைஸ் பெயரை. புராஜெக்டில் உள்ள பெயரை ஆன்லைனில் டிரைவுக்குள் எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் எடுக்காது. சின்ன எழுத்து, இடைவெளியும் அண்டர்ஸ்கோரும் இல்லாமல் வையுங்கள்.

கேள்வி: ஸ்லேவில் அட்ரஸ் ஸ்விட்சைத் திருப்பினேன், பழைய அட்ரஸே காட்டுது.

பதில்: பவரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

கேள்வி: கடைசி ரெண்டு டிரைவ் மட்டும் ப்ராஃபிபஸ்ஸில் வரலை, மாட்யூல் மாத்தணுமா?

பதில்: மேலே படியுங்கள். ஸ்விட்ச்.

கேள்வி: பிஎல்சி கோர்ஸ் எந்த இன்ஸ்டிடியூட் நல்லது?

பதில்: முதல் பத்தி.

கேள்வி (கெமிக்கல் பிளான்ட்): பழைய எஸ்7-300ல் சிபி 342-5 போட்டு ரிமோட் ஐஓ சேர்த்திருக்கோம். ஸ்விட்ச் பார்த்தாச்சு, 110 ஓம் இரண்டு பக்கமும் வருது. எந்த ஃபால்ட் லைட்டும் எரியலை. ஆனா இன்புட் எல்லாம் பூஜ்ஜியம்.

பதில்: ஸ்விட்சைப் பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. உங்கள் வயரிங் சரி. சிபியுவிலேயே உள்ள ப்ராஃபிபஸ் டிபி போர்ட் போடுவது போல, சிபி 342-5 ஸ்லேவ் டேட்டாவை நேராக ஐ, க்யூ (இன்புட், அவுட்புட்) ஏரியாவில் போடாது. அனுப்ப எஃப்சி1, வாங்க எஃப்சி2, இந்த இரண்டு ஃபங்ஷனையும் ஓபி1ல் (ஒவ்வொரு ஸ்கேனிலும் ஓடும் மெயின் புரோகிராம்) கூப்பிட வேண்டும். மாட்யூல் அட்ரஸை ஹெக்ஸில் கொடுங்கள், ஹார்ட்வேர் கான்ஃபிகில் 256 என்றால் 100. அனுப்பும் நீளமும் வாங்கும் நீளமும் கான்ஃபிகில் உள்ள ஸ்லேவ் டேட்டா முழுவதற்கும் போதுமானதாக இருக்கட்டும். எஃப்சி2ன் ஸ்டேட்டஸில் எரர் வந்தால் அந்த எண்ணோடு வாருங்கள், வெறுமனே வேலை செய்யலை என்று வராதீர்கள்.