நர்ஸ்களைக் கூட்டினால் நிர்வாகத்துக்கு என்ன மிச்சம்?

கேள்வி: ஒரு மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். வார்டுக்கு இன்னும் சில நர்ஸ்கள் வேண்டும் என்று கேட்டால், "சம்பளம் ஏறும், வருமானம் எங்கே ஏறும்?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: சம்பளம் ஏறத்தான் செய்யும், அதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால் செலவு ஒரே வரியில் பளிச்சென்று தெரிகிறது, மிச்சமோ மருந்து, ஓவர்டைம், படுக்கை நாட்கள் (நோயாளிகள் படுக்கையில் தங்கும் நாட்கள்) என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது, யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று எந்த நர்ஸுக்குத்தான் தெரியாது? ஆனால் நைட் டூட்டியில் ஒருவரே பதினைந்து பேரைப் பார்த்தால், ஒருவருக்கு டிரிப் மாற்றி, இன்னொருவருக்கு ஊசி போட்டு, அடுத்த பெல்லுக்கு ஓடுவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் ஐந்தாகிவிடும். அப்புறம் புண், டிரெஸ்ஸிங், ஆன்டிபயாட்டிக், டிஸ்சார்ஜ் தள்ளிப்போவது எல்லாம் வரிசையாக வரும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2016-ல் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டம் போட்டார்கள். 2021-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, டிஸ்சார்ஜ் ஆனவர்கள் திரும்ப அட்மிட் ஆவது தவிர்க்கப்பட்டதாலும் படுக்கை நாட்கள் குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதை அப்படியே உங்கள் இடத்துக்குப் பொருத்திவிடாதீர்கள். ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் வாங்கினால், குறையும் ஒவ்வொரு நாளின் செலவும் உங்களுக்கே மிச்சம். நாள் கணக்கில் பில் போட்டால், காலியாகும் படுக்கைக்கு அடுத்த நோயாளி வந்தால்தான் லாபம், இல்லாவிட்டால் மிச்சம் நோயாளிக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ போய்விடும் (நல்லதுதான், ஆனால் உங்கள் முதலாளி மசியமாட்டார்).

என்னைக் கேட்டால், வேலையை விட்டுப்போகிறவர்களின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஆள் தேடுவது, பயிற்சி, புதியவர் பழகும்வரை கூடவே நிற்கும் சீனியரின் நேரம், இடையில் கொடுத்த ஓவர்டைம்: இதற்கெல்லாம் ஆதாரம் ஏற்கெனவே உங்கள் அலுவலக ஃபைலிலேயே இருக்கும், வெளிநாட்டு ஆய்வைத் தேடவேண்டியதில்லை.

சரி, அதற்கும் மசியவில்லையா? ஒரே ஒரு வார்டில் ஆறு மாதம் நர்ஸ்களைக் கூட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். சராசரி படுக்கை நாட்கள், படுக்கைப்புண், கீழே விழுந்தவர்கள், ஒரு மாதத்துக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள், ஓவர்டைம் ஆகியவற்றைப் போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். உதவியாளர்களை வைத்துத் தலைக்கணக்கை நிரப்பினால் அந்த ஒப்பீடு செல்லாது, நோயாளியின் மூச்சு மாறுவதைக் கவனித்து டாக்டரைக் கூப்பிடப் படித்த நர்ஸ்தான் வேண்டும்.