பத்துக்கு மூன்று பல்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். ஆறு வருடமாகத் துபாயில் ஏ.சி. வேலை. நண்பர்கள் ஐந்து பேர் பணம் போட்டு மாதம் இரண்டு முறை படகு எடுத்து வேக்போர்டிங் போகிறோம், படகு இழுக்கப் பலகையில் நின்று போகிற விளையாட்டு. நீங்கள் இங்கே வேலையில் இருந்தபோது அதைப் பழகியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். ஒரு வருடமாக டான்ட்ரம் என்கிற பின்பக்கப் பல்டி அடிக்கப் பார்க்கிறேன். பத்து அடித்தால் மூன்று நிற்கிறது. மீதி ஏழில் பெரும்பாலும் போர்டின் மூக்கு தண்ணீரில் குத்தி முன்னால் கவிழ்கிறேன், சில சமயம் கைப்பிடி கையை விட்டே போய்விடுகிறது. தலையை இன்னும் வேகமாகத் தூக்கிப் போடு என்கிறார்கள் நண்பர்கள். போட்டால் இன்னும் மோசம். நின்ற மூன்றும் ஏன் நின்றது என்றும் தெரியவில்லை. வயது 34. போர்டை மாற்றினால் சரியாகுமா? கார்த்திகையில் ஒரு மாத லீவுக்கு ஊருக்கு வருகிறேன், அங்கே எதையாவது பழக முடியுமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

போர்டை மாற்றாதீர்கள். போர்டு ஆளைத் தடுத்த காலம் ஒன்று உண்டு. 1985 வாக்கில் டோனி ஃபின் கொண்டுவந்த ஸ்கர்ஃபர் மாதிரியான பழைய பலகைகள் தண்ணீரில் ரொம்ப மிதக்கும், ஆழத்தில் கிடந்து அதன்மேல் எழுந்து நிற்பதற்கே பலம் வேண்டும். 1990ல் ஹெர்ப் ஓபிரையன் ஹைப்பர்லைட் என்று மெலிசான போர்டைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆட்களும் சுலபமாக எழுந்து நின்றார்கள். இன்றைக்கு வாடகைப் படகில் கிடக்கிற எந்தப் போர்டிலும் டான்ட்ரம் அடிக்கலாம். அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு மூன்று முறை படகு எடுங்கள்.

இந்த விளையாட்டைப் பார்க்காத வாசகர்களுக்கு இரண்டு வரி. படகு ஓடும்போது அதன் பின்னால் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி அலை எழும்பிக்கொண்டே போகும், அதுதான் வேக். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் பக்கவாட்டாக நிற்கிறவர் வெளியே இருந்து குதிகால் பக்கம் சாய்ந்து அந்த வரப்பை நோக்கி வருவார், அது அவரை மேலே தூக்கும், மேலே போகும்போது பின்பக்கமாக ஒரு பல்டி அடித்து அந்தப் பக்கம் இறங்குவார். படகின் வேகம் மணிக்கு 32 முதல் 37 கிலோமீட்டர் வரை இருக்கும். விழுந்தால் தண்ணீர் தண்ணீராக இருக்காது.

சரி, உங்கள் விஷயம். மூக்கு குத்துகிறது என்றால் சுற்று முழுசாக முடியவில்லை என்று அர்த்தம். சுற்று அதிகமானால் வால் முதலில் பட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் நண்பர்கள் இன்னும் வேகமாகத் தலையைப் போடச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் உங்களுக்குக் குறைவது சுற்று இல்லை, உயரம். உயரம் ஏன் குறைகிறது என்றால் அலையின் முகட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நீங்கள் தலையைப் போட்டுவிடுகிறீர்கள், தலை பின்னால் போனதும் முழங்கால் மடங்குகிறது, அலை கொடுக்க வேண்டிய தூக்கல் மடங்கின காலுக்குள்ளேயே செத்துப்போகிறது, பாதி உயரத்தில் பாதிச் சுற்று சுற்றி விழுகிறீர்கள். விழுந்ததும் பத்தவில்லை என்று அடுத்த முறை இன்னும் வேகமாகப் போடுகிறீர்கள். வேகமாகப் போட நினைக்கிறவன் சீக்கிரமாகத்தான் போடுவான். ஒரு வருடம் இப்படித்தான் போயிருக்கும், எனக்கும் ஏழெட்டு மாதம் இப்படியே போனது.

இதை நான் கற்றுக்கொண்டது துபாயில் இல்லை, லத்தேரி பக்கம் எங்கள் பெரியப்பா கிணற்றில் என்று பிறகுதான் புரிந்தது. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்துக் கல் இரண்டு கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் முதுகைக் காட்டி நின்று பல்டி அடிப்போம். முதுகு சிவக்கச் சிவக்க விழுந்தவர்கள் எல்லாம் ஒரே தப்பைத்தான் செய்தோம். கால் கல்லை விடும் முன்பே தலையைத் தொங்கப்போட்டோம். பெரியவன் ஒருவன், கிணற்று மேட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொல்லுவான்: “மொதல்ல கல்ல ஒத. அப்புறம் ஆகாசத்தப் பாரு.” அவ்வளவுதான். முதலில் மேலே, பிறகு பின்னால். நமக்குப் பயம் இருப்பதால் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று உடம்பு நினைக்கிறது. உங்கள் நின்ற மூன்றும் ஏன் நின்றது என்று கேட்டீர்களே, அந்த மூன்றில் ஏதோ ஒரு காரணத்தால் தாமதித்திருப்பீர்கள். பழைய வீடியோ இருந்தால் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த இரண்டு முறை படகு எடுக்கும்போது பல்டியே அடிக்கக் கூடாது. கஷ்டம்தான், பணம் கொடுத்து எடுத்த படகு, நண்பர்கள் கத்துவார்கள், இருந்தாலும் கூடாது. வெறும் தாண்டல் மட்டும். வெளியே ஓரளவுக்குப் போய், மெதுவாகத் திரும்பி, குதிகால் எட்ஜை, அதாவது குதிகால் பக்க விளிம்பில் சாய்கிற அழுத்தத்தை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்து, அலையின் அடிவாரத்தில் போர்டைக் கொஞ்சம் தட்டையாக விட்டு, ஏறும்போது காலை நீட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும், குதிக்கக் கூடாது, நிற்க வேண்டும், அலைதான் தூக்கும். இதில் பத்துக்கு எட்டாவது ஒரே உயரத்தில் போய் ஒரே இடத்தில் இறங்கினால் பல்டிக்குப் போகலாம். பல்டி என்பது அந்தத் தாண்டலோடு தலையும் தோளும் பின்கால் பக்கமாகப் போவது, வேறு ஒன்றும் அதிகமாக இல்லை. தாண்டல் பத்தும் பத்து விதமாக இருக்கிறவனுக்கு பல்டி பத்தும் பத்து விதமாகத்தான் இருக்கும்.

ரொம்பத் தூரத்திலிருந்து பாய்ந்து வராதீர்கள். பாய்ந்து வந்தால் உயரம் கிடைக்கும் என்று தோன்றும், ஆனால் முகட்டில் நிமிர நேரம் இருக்காது. கயிற்றையும் ஒரு பிடி குறைத்துக்கொள்ளுங்கள். படகுக்குப் பக்கத்தில் அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், பின்னால் போகப் போக அகலமாகிப் படிந்துவிடும், கற்றுக்கொள்கிற ஆளுக்கு அந்த அகலம் தேவையில்லாத பாரம்.

கைப்பிடி. அது முன்பக்க இடுப்பு எலும்பை விட்டு நகரக் கூடாது, இரண்டு கையும் அதில் இருக்க வேண்டும். தலையைப் போடும்போது கையும் சேர்ந்து மேலே போகிறது, கை நீண்டதும் படகு தோளைப் பிடித்து இழுக்கிறது, அந்த இழுப்பில் சுற்று திருகிக்கொள்கிறது, அதில்தான் பிடி நழுவுகிறது. பிடியில் பலம் இல்லாமல் நழுவுவதாக நினைத்துக்கொண்டு கைக்கு எக்சர்சைஸ் செய்ய ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று. படகில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? எடை மாறினால் அலை மாறும். நாலு பேரும் ஒரு பக்கமாக நின்று உங்களை வீடியோ எடுத்தால் ஒரு பக்க அலை கூர்மையாகவும் இன்னொன்று நுரைத்தும் போகும், அடுத்த ரவுண்டில் அவர்கள் இடம் மாறினால் நீங்கள் வேறு ஒரு அலையில் ஏறுகிறீர்கள். உங்கள் ஏழில் ஒன்றிரண்டு இதனால்கூட இருக்கலாம். ஆட்களை இடம் குறித்து உட்கார வையுங்கள், ஓட்டுகிறவரிடம் ஒரே வேகத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், வேகத்தைப் பூட்டி வைக்கிற வசதி படகில் இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள்.

ஒரு முறை தண்ணீரில் இறங்கினால் ஆறிலிருந்து எட்டுப் பல்டி, அதற்கு மேல் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். களைத்த பிறகு கடைசியாக ஒன்று என்று அடித்ததில்தான் கன்னத்தோடு தண்ணீரில் அறைபட்டு என் இடது காதுச் சவ்வு கிழிந்தது. காதுக்குள் விசில் சத்தம், நடந்தால் தலை சுற்றல், வாரக்கணக்கில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் குளித்தேன். முழங்கால் தசைநாரும் இந்த விளையாட்டில் அடிக்கடி போகிற இடம். ஹெல்மெட், நெஞ்சுக்கு வெஸ்ட், படகில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள், இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்குப் பல்டி இல்லை. தலையில் அடிபட்டு ஒரு நிமிடம் மந்தமாக இருந்தால் அன்றைக்கு மட்டுமில்லை, டாக்டரைப் பார்த்து அவர் சரி என்று சொல்லும் வரைக்கும் இறங்கக் கூடாது.

34 வயது ஒரு தடை இல்லை. இருபது வயதுப் பையன் ஐம்பது முறை விழுந்து கற்பதை நீங்கள் ஐந்து முறை வீடியோ பார்த்துக் கற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் எதைப் பழகுவது? தண்ணீர் இல்லாத ஆறு உள்ள ஊர் என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள், ஆனால் கார்த்திகையில் கிணறுகள் மேலே வந்திருக்கும். உங்கள் சொந்தக்காரர் கிணறாக, சின்ன வயதிலிருந்து அடி தெரிந்த கிணறாக இருந்தால் போங்கள், முதலில் இறங்கி நீந்தி மோட்டார் பைப் எங்கே இறங்குகிறது, உள்ளே கல் சரிந்திருக்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள், இரண்டு ஆள் மேலே நிற்கட்டும். கல்லை உதைத்து மேலே போவதை மட்டும் பழகுங்கள், உச்சிக்குப் போனதும் தலை, தண்ணீருக்குள் போவது காலாக இருக்க வேண்டும். மோர்தானா பக்கம் போய் அணையில் குதிக்கலாம், கல்குவாரிக் குட்டையில் குதிக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அடி தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் போனவர்களை நம்ம பக்கத்தில் ஒவ்வொரு கோடையிலும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கிணறு கிடைக்காவிட்டால் ஒரு வேப்பமரம் போதும். இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, முனையில் ஒரு கட்டையைக் கைப்பிடியாகக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டாக நின்று, கயிறு இறுகும் வரை குதிகாலில் சாய்ந்து, கட்டையை முன் இடுப்போடு ஒட்டிவைத்து, அங்கிருந்து முழங்காலை நீட்டி நிமிருங்கள். தலை நேராக. நிமிர்ந்து முடித்த பிறகு மனசுக்குள் ஒன்று என்று எண்ணி, அப்புறம்தான் மோவாயை மேலே தூக்க வேண்டும். காலையில் முப்பது, சாயங்காலம் முப்பது. பார்க்கிறவர்கள் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள், சொல்லிவிடுங்கள்.

வரும்போது பழைய வீடியோக்களைக் கொண்டுவாருங்கள், நின்றதும் நிற்காததும். போர்டு முகட்டை விடுகிற அந்த ஒரு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், அங்கே உங்கள் கண் படகைப் பார்க்கிறதா வானத்தைப் பார்க்கிறதா என்று. நான் காட்பாடியில்தான் இருக்கிறேன்.