எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் பெயர் வெளியே வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 29. எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகம் எட்டு மாதமாக அரிக்கிறது. இரண்டு முறை அரசு மருத்துவமனைக்குப் போனேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் பலகையைக் கண்டதும் கால் நகரவில்லை. பல் வலி என்று சொல்லி வேறு சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அங்கே ரத்தம் எடுக்கும் பிரிவில்தான் என் சித்தி இருக்கிறார். அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். சட்டத்தில் எனக்குப் பாதுகாப்பு உண்டா?

பதில்: உண்டு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவு தெரிந்த ஊழியர், உங்கள் எழுத்துபூர்வ சம்மதமின்றி அதை வெளியே சொல்லக் கூடாது. சித்தி என்றாலும் அப்படித்தான். உங்கள் துணைக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால் மட்டும், உங்களுக்கு ஆலோசனை தந்து, முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ அவரிடம் தெரிவிக்கலாம்.

ஆனால் ஒன்று: வாயை விட்டுப் போன சொல்லை எந்த நீதிமன்றமும் திருப்பி வாங்கித் தராது. அதனால் சித்தியோடு சட்டம் பேச வேண்டாம், வேறு ஊர் மையத்துக்குப் போங்கள். எங்கு போனாலும் இலவசம்தான்.

வேலைக்கு எடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்க முடியாது. தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் நீக்கவும் முடியாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென்று புகார் அலுவலர் இருக்க வேண்டும். எத்தனை இடத்தில் இருக்கிறார் என்று கேட்காதீர்கள்!

ஒருமுறை, வக்கீலான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் தன் மருத்துவமனை கேஸ் ஷீட்டை என் மேசையில் வைத்தார். மேல் அட்டையில் எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. வார்டில் யார் கடந்து போனாலும் படிக்கலாம். அறுவை சிகிச்சை மூன்று முறை தள்ளிப்போயிருந்தது, காரணம் எதுவும் தாளில் இல்லை. சிகிச்சை தர மறுப்பதானால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு மருத்துவமனைக்கு நோட்டீஸ் அனுப்பினோம். நான்காம் நாள் தேதி கிடைத்தது. உங்களுக்கும் அப்படி நடந்தால் அட்டையைப் படம் எடுத்து வையுங்கள், வாய்மொழி பதிலை ஏற்காதீர்கள். இந்தச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தால் 30 நாளில் உத்தரவு வர வேண்டும், உயிருக்கு அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில். நீதிமன்றத்துக்குப் போனாலும் உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்கு நடத்தக் கேட்கலாம்.

இதெல்லாம் பின்னால். தொற்று இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் அரசு இலவசமாகத் தருகிறது. எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழைத்து, பக்கத்து மாவட்டத்து மையம் எங்கே என்று கேளுங்கள்.